ஒரே பாய்ல வளந்த ரெண்டு பேரு

அது பொறப்புலயே வர்றது இல்லீங்கக்கா. பொம்பளப் புள்ளன்னா அடக்கம், ஆம்பளப் பயன்னா துடுக்குன்னு சொல்றீங்களே, நானும் சுதாகரனும் ரெட்டப் புள்ளைங்க. தேயிலத் தோட்டத்துல ஒரே லயத்து வீட்டுல, ஒரே பாய்ல வளந்தோம். இடி இடிச்சா கம்பளிக்குள்ள பூந்துக்குறது அவன். கால்ல அட்டை ஏறுனா நாந்தான் புடுங்கி விடணும். கொளவிக்கூட்டுல கல்லெறிஞ்சது நானு, அழுதுக்கிட்டு ஓடுனது அவன். ரெண்டும் மாறிப் பொறந்துருச்சுன்னு வேலாயி அத்தை சிரிப்பாங்க. கணக்குகூட என்னையப் பாத்துத்தான் எழுதுவான்.

ஆமாங்க, இப்ப பாத்தா நம்ப மாட்டீங்கதான். வயசுக்கு வந்ததும் என்னைய எட்டாவதோட நிப்பாட்டிட்டாங்க. சத்தமா சிரிக்காத, வாசல்ல நிக்காதன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அவன் அழுதா அடி விழும். கத்துனா மட்டும் அப்பாவுக்குப் பெருமை. கொஞ்ச நாள்ல என் துடுக்கெல்லாம் அவன்கிட்டப் போயிருச்சு.

இல்லீங்க, அம்மாவ நான் கோவிச்சுக்கல. அவங்க வளந்ததும் அப்பிடித்தானே.

புனிதவதி டீச்சர்னு, யாழ்ப்பாணத்துக்காரங்க. ஒருநா சாயந்தரம் லயத்துக்கே வந்துட்டாங்க. நிலக்ஷியப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்புங்க, நல்லாப் படிக்கிற புள்ளன்னு அப்பாகிட்ட அவ்வளவு சொன்னாங்க. அப்பா மனசு எளகிருச்சு. நான் அடுப்படியில நின்னு, வெள்ளச் சட்டைய எந்தப் பொட்டியில வெச்சேன்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.

அப்பாவா வேணாம்னாரு? இல்லீங்க. அவரு சுதாகரன்கிட்டத்தான் கேட்டாரு, நீதான கூடவே இருக்க, அவளுக்குப் படிக்க ஆசையிருக்கான்னு. காலையிலதான் அவன்கிட்டச் சொல்லியிருந்தேன், எனக்குப் போகணும்டான்னு. தலையாட்டுனான்க்கா. நான் இல்லாத அந்தத் தவணப் பரீட்சையிலதான் அவன் மொதல் தடவையா வகுப்புல மொதலாம் புள்ளையா வந்திருந்தான்.

அவளுக்கு நாட்டமில்லப்பா, பொம்பளைங்க மனசு வேற, வீட்டு வேலதான் புடிச்சிருக்குன்னான்.

டீச்சர் என் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. கொளவிக்கூட்டுல கல்லெறிஞ்ச நானு, குனிஞ்சு அடுப்ப ஊதுனேன்க்கா.

இவளா, என் மக. ஹட்டன்ல பெரிய பள்ளிக்கூடத்துல சேக்கத்தான் இப்ப போய்க்கிட்டு இருக்கோம். சுதாகரன் இப்ப வாத்தியாரா இருக்கான். நேத்து வந்து, இவளும் ஒன்ன மாதிரி அமைதி, இவளுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்னான். அப்பத்தான் கேட்டேன், அன்னிக்கு ஏன்டா அப்பிடிச் சொன்னன்னு.

எதைச் சொல்றன்னு கேட்டான்க்கா. ஞாபகமே இல்லியாம்.

எந்திரி புள்ள, ஹட்டன் பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு.