அண்ணியின் முதுகு வலி

அண்ணி: ஏன்டி, முன்னால இத்தனை நாற்காலி காலியா கிடக்கு. நீ எதுக்குத் தூணுக்குப் பின்னால போய் உக்கார்றே?

நாத்தனார்: இங்கதான் ஃபேன் காத்து வருது அண்ணி. அதை விடுங்க... முதுகு வலின்னுதானே என்னைத் துணைக்குக் கூப்பிட்டீங்க? கதவுல ‘பிளாஸ்டிக் சர்ஜன்’னு போட்டிருக்கு?

அண்ணி: ...ஆமா.

நாத்தனார்: மூக்கைச் சின்னதாக்கப் போறீங்களா?

அண்ணி: மூக்கு இல்ல. கொஞ்சம் கீழ.

நாத்தனார்: தாடையா?

அண்ணி: இன்னும் கீழ.

நாத்தனார்: ...ஓ.

அண்ணி: சிரிக்காதே!

நாத்தனார்: சிரிக்கல அண்ணி. இருமல்.

அண்ணி: உனக்கென்ன, இருமுவே. நாள் பூரா லேப்ல மைக்ராஸ்கோப்பைக் குனிஞ்சு பாக்கறவ நான். கண்ணு அதுகிட்ட போறதுக்கு முன்னால இவங்க ரெண்டு பேரும் மேஜை மேல ஏறி உக்காந்துடறாங்க.

நாத்தனார்: பாத்து அண்ணி... சாம்பிள்னு நெனச்சு யாராவது லேபிள் ஒட்டிடப் போறாங்க!

அண்ணி: ஒட்டுவே, ஒட்டுவே. கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் வலி. தோள்ல இங்க தொட்டுப் பாரு... பிரா பட்டை அழுத்தி அழுத்திப் பள்ளமே விழுந்திருக்கு. வேர்வையில அடியில எப்பப் பாரு புண்ணு. பவுடர் போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு. இப்போ காலைல எழுந்தா விரலெல்லாம் வேற மரத்துப் போகுது.

நாத்தனார்: இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலியே?

அண்ணி: யார்கிட்ட சொல்ல? ‘கொடுத்து வச்சவ, இதுக்குப் போய் அழறா’ன்னு கேலி பண்ணுவாங்க.

நாத்தனார்: அண்ணனுக்குத் தெரியுமா?

அண்ணி: முதுகு வலிக்கு டாக்டரைப் பாக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன். பொய் இல்லையே! முதுகு வலியோட காரணம் முன்னால இருக்கு, அவ்வளவுதான்.

நாத்தனார்: ஆபரேஷன் இல்லாம வேற வழி...

அண்ணி: எல்லாம் பாத்தாச்சு. அளவெடுத்து நல்ல பிரா வாங்கினேன், தோள் கொஞ்சம் தப்பிச்சுது. பிசியோதெரபி அம்மா சொன்ன பயிற்சி செஞ்சேன், கழுத்து வலி பாதி குறைஞ்சுது. விளம்பரத்தைப் பாத்து ஒரு கிரீம்கூட...

நாத்தனார்: குறைஞ்சுதா?

அண்ணி: டப்பாதான் குறைஞ்சுது. கடைசியா உன்னோட டயட்.

நாத்தனார்: என்... என்னோடதா?

அண்ணி: ரெண்டு பேரும் ஒரே சைஸாத்தானே இருந்தோம்? போன வருஷம் ஆபீஸ் தோழிங்களோட டூர் போயிட்டு வந்து சும்மா சிக்குன்னு நின்னே! ‘எப்படிடி?’ன்னு கேட்டா, ‘ராத்திரி வெள்ளரிக்கா, வேக வச்ச காய், அவ்வளவுதான்’னே. ஆறு மாசம் தின்னேன்டி! கன்னம் ஒட்டிப் போச்சு, வளையல் கழண்டு விழுது... இவங்க மட்டும் இடத்தைக் காலி பண்ணல.

நாத்தனார்: அது... எல்லாருக்கும் ஒரே மாதிரி இறங்காது அண்ணி. சிலருக்கு அங்க கொழுப்பைவிட சுரப்பிதான் அதிகம். சரி, ஆபரேஷன்னா முழு மயக்கம் கொடுப்பாங்க. தழும்பு நங்கூரம் மாதிரி விழும், போகப்போக மங்கும். சிலருக்கு உணர்ச்சி குறையலாம். பின்னால பால் கொடுக்கறதுல சிக்கல் வரலாம், அதை டாக்டர்கிட்ட...

அண்ணி: என் பையன் மீசையே வச்சாச்சு, பாலுக்கு அழ மாட்டான். அது இருக்கட்டும்... உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்?

நாத்தனார்: வீடியோ பாத்தேன்.

அண்ணி: எப்போ? எனக்கு இதுதான் விஷயம்னே உனக்கு இப்பதானே தெரியும்?

நாத்தனார்: அண்ணி, உங்களைத்தான் கூப்பிடறாங்க போல...

நர்ஸ்: அடுத்து யாரு, வாங்க. ...அட, நீங்களா! நல்லா இருக்கீங்களா? தழும்பெல்லாம் மங்கிடுச்சா?

நாத்தனார்: ...மங்கிடுச்சு சிஸ்டர்.

அண்ணி: தழும்பா? அப்போ டூரு... தோழிங்க... ஏன்டி, அந்த வெள்ளரிக்கா?

நாத்தனார்: வாய்க்கு வந்ததைச் சொன்னேன் அண்ணி. நீங்க நம்பிட்டீங்க. நம்பினதுக்காக, உங்க வீட்டுக்கு வரப்பல்லாம் நானும் அதையே திங்க வேண்டியதாப் போச்சு.

அண்ணி: அடிப்பாவி! ...என்கிட்ட சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?

நாத்தனார்: சிரிப்பீங்கன்னு பயந்துட்டேன். முடிஞ்சப்புறம் கையைத் தூக்கவே முடியல அண்ணி... பக்கத்துல யாரும் இல்ல. இந்த சிஸ்டர்தான் எனக்குத் தலை வாரிப் பின்னி விட்டாங்க. எழுந்திரிங்க, உள்ள போலாம்... உங்களுக்கு முடிஞ்சதும் தலையை நான் வாரி விடறேன்.