கூவல் நின்றால்

ராடர் காட்டும் கருவி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, அது எவ்வளவு தூரத்தில் நிற்கும் பொலிஸைக் காட்டும் என்பதைத்தான். அது அவ்வளவு முக்கியமான கேள்வி அல்ல. முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கருவி எழுப்பும் சத்தத்தை. இதை நான் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. ஒன்ராறியோவில் அதைக் காரில் வைத்திருப்பதே குற்றம் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது ஒரு சின்னக் கேள்விக்காக, கொன்ஸ்ரபிள். ராகுலனின் காரில் இருந்த ராடர் கருவியையும் லேசர் ஜாமரையும் பூட்டியது யார்? நான்தான். அபராதத்தைச் சொன்னால் கட்டிவிடுகிறேன். ஆனால் அன்று எழுந்து போகும்போது இன்னொன்றும் கேட்டீர்கள், உங்களுக்கு நீங்களே கேட்பது போல. ஆள் குடித்திருக்கவில்லை, ரயரில் கோளாறு இல்லை, பிரேக் பிடித்த அடையாளமும் இல்லை. பிறகு ஏன் அந்த மனிதன் ஸ்ரியறிங்கை விட்டுவிட்டு, பெல்ற் போட்டபடியே பக்கத்துச் சீற்றில் குப்புறச் சரிந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு செத்துக் கிடந்தான் என்று.

அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லவும் என்னால் முடியும். மாலை வகுப்பில் ஒன்றரை வருடமாக ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுது, உன் உணர்ச்சிகளைக் கடைசியில் வைத்துக்கொள் என்பார் எங்கள் ஆசிரியை. எனக்குக் கடைசியில் வைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பது அவருடைய குறை. ஆனால் இந்தப் பதிலில் வரும் ஒரு சொல்லுக்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. அதனால்தான் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன். சியாமளா அன்ரி சென்னைக்காரர் என்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. விளங்காத இடத்தில் நிறுத்துங்கள், அன்ரி.

ராகுலன் எங்கள் மில்லிக்கன் வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தவன். அவனுடைய தாய் குணவதி அன்ரியும் என் அம்மாவும் ஒன்றாகப் படித்தவர்கள். சமாதானக் காலம் முடிந்த கையோடு அந்த அன்ரி தன் ஒரே மகனை வன்னியிலிருந்து அனுப்பிவிட்டுத் தான் அங்கேயே நின்றுவிட்டார். என் பெயர் கோகுலன், அவன் பெயர் ராகுலன். அம்மா மேலே நின்று "குலன்!" என்று கூப்பிடுவார். நான்தான் முதலில் போய் நிற்பேன்.

"உன்னையில்லையடா, மற்றவன். நண்டு ஆறுது, வரச் சொல்லு."

பெரிய நண்டுக்கால் எப்போதும் மற்றவனுக்குத்தான். தாயைப் பிரிந்த பிள்ளை என்பார் அம்மா. எனக்கு நண்டுக்கால் ஒரு பொருட்டே இல்லை. ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

போன கோடையில், கனடா தினத்தன்று, எங்கள் பக்கத்துப் பூங்காவில் வாணவேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். ஒரு வாணம் விசிலடித்துக்கொண்டு மேலே போய்ச் சட்டென்று சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் ராகுலன் புல்லில் குப்புறக் கிடக்கிறான். கையிலிருந்த ஐஸ்கிரீம் சட்டையெல்லாம். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் நான் விசாரித்தேன்.

"செல் கூவிக்கொண்டு வந்தாப் பயமில்லை, மச்சான்," என்றான். "உன்னைத் தாண்டிப் போகுது எண்டு அர்த்தம். கூவல் நிண்டாத்தான் விழோணும். அது உனக்கு வாறது."

"யோசிச்சுப் போட்டோ விழுறது?"

"யோசிச்சவன் ஒருத்தனும் இப்ப கதை சொல்ல இல்லை. உடம்பு தன்ர பாட்டில விழும்."

என்ன அன்ரி? இல்லை, குயில் கூவுவது போல இல்லை. சென்னையில் அப்படித்தான் விளங்கும். இது செல், அதாவது எறிகணை, காற்றைக் கிழித்துக்கொண்டு வரும் சத்தம். வன்னியில் பிறந்த பிள்ளைகள் அம்மா என்று சொல்லப் பழகும் முன்பே இந்தச் சத்தத்தைக் கணிக்கப் பழகிவிடுவார்கள். விசில் என்று மொழிபெயர்க்காதீர்கள். கூவல் என்றே எழுதச் சொல்லுங்கள்.

இனி இந்த வருடம். பெப்ரவரியில் குணவதி அன்ரியின் தொலைபேசி நின்றுபோனது. ஏப்ரலில் ரொறன்ரோத் தமிழர் எல்லோரும் போரை நிறுத்தச் சொல்லி வீதியில் நின்றோம். நானும் வேலை முடிந்து, வகுப்புக்கு லீவு போட்டுவிட்டு, யூனிவேர்சிற்றி அவெனியூவில் பதாகை பிடித்தேன். அந்த மாதம்தான் ராகுலன் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். இரண்டு சீற், வெள்ளி நிறம், பழையதுதான் என்றாலும் சீறும். அதைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினான். அங்கே சனம் செத்துக்கொண்டிருக்கிறது, இவன் அந்த மண்ணிலிருந்து வந்தவன், பெற்ற தாய் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. நான் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

"இண்டைக்கு எல்லாரும் டவுண்டவுனில நிக்கினம். வாறியோ?"

"நீ போட்டு வா, மச்சான். அங்க நிண்டு கத்தினா என்ர அம்மாவுக்குக் கேக்குமே?" என்றான். பிறகு காரைத் துடைத்துக்கொண்டே, "அது கிடக்கட்டும். உந்த லேசர் ஜாமர் எண்டு சொல்லுறாங்கள், அதில எது திறம்? உனக்குத்தானே உதெல்லாம் தெரியும்."

"ஏன் உனக்கு இவ்வளவு வேகம்?"

"வேகமா ஓடேக்க மட்டும்தான் தலைக்குள்ள ஒண்டும் இல்லாமல் கிடக்கு."

இதை நான் ஒரு சாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். என் முடிவில் எனக்கு உடனே நம்பிக்கை வருவதில்லை. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவன் நான். ஒரு கிழமை யோசித்தேன். போரை மறந்துபோன ஒருவனுக்கு அதை ஞாபகப்படுத்துவது தவறாக இருக்க முடியாது என்று பட்டது.

கருவிகளுக்கு வருகிறேன். ஸ்ரீல்ஸ் வீதியில் இக்னேசியஸ் அண்ணையின் கார் ஓடியோக் கடையில்தான் எனக்கு வேலை. அவருக்கு இதில் பங்கு இல்லை. பூட்டியது கடை மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று ராடர் கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலாவதற்குக் கூர்மையான காது. ஆனால் அதுவே ஒரு சிறு அலையை வெளியே விடும், அதை உங்கள் பொலிஸ் கார் பிடித்துவிடும். இரண்டாவது கள்ளன் மாதிரிச் சத்தமில்லாமல் இருக்கும், ஆனால் பிளாசாக்களில் தானாகத் திறக்கிற கதவுக்கெல்லாம் கத்தும். மரக்கறி வாங்கப் போனாலும் பொலிஸ் வந்துவிட்டது என்று சொல்லும். மூன்றாவது சுமாரானது. ஆனால் எச்சரிக்கைச் சத்தத்தை நாங்களே பதிந்துகொள்ளலாம், லேசர் ஜாமரையும் அதனோடு இணைக்கலாம்.

"உதை ஏனடா பாக்கிறாய்?" என்று இக்னேசியஸ் அண்ணை கேட்டார். யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. "உதுக்குக் காது மந்தம்."

"வாய் நல்லது, அண்ணை," என்றேன். அவர் சிரித்தார்.

லேசர் ஜாமரைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். இலக்கத்தகட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கண்கள். உங்கள் ஆள் லேசர் துப்பாக்கியை நீட்டி விசையை அழுத்தினால், அது சில வினாடிகள் அவருடைய கணக்கைக் குழப்பும். அந்தச் சில வினாடிகளுக்குள் ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். யோசிக்க நேரம் இல்லை. ஆகவே எச்சரிக்கை என்பது உடம்பு தன் பாட்டில் கேட்கும் சத்தமாக இருக்க வேண்டும். எந்த நிபுணரிடம் கேட்டாலும் இதையே சொல்வார்.

ஆர்ப்பாட்டத்தில் ஒரு பெரிய திரையில் வன்னியிலிருந்து வந்த வீடியோக்களைப் போடுவார்கள். அதில் ஒன்றில் செல் கூவி வரும். பிறகு கூவல் நிற்கும், படம் பிடித்தவரின் கமரா நிலத்தில் விழும். அந்த வீடியோவை எடுத்து, கூவல் தொடங்கும் இடத்திலிருந்து அது நிற்கும் இடம்வரை வெட்டினேன். வெடிக்கும் சத்தம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது அவசியமில்லாமல் பயமுறுத்தும்.

பூட்டுவதற்கு முன் பரிசோதித்துப் பார்த்தேன். பரிசோதிக்காமல் நான் எதையும் பூட்டுவதில்லை. ராகுலன் கடைக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரில் அந்தத் துண்டைப் போட்டேன். கோப்பை உடைந்தது. ஆள் வேலை மேசைக்குக் கீழே, தலையைப் பொத்திக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்து எழும்பி, காற்சட்டையைத் தட்டி, வெட்கத்தோடு சிரித்தான்.

"உது என்ன சத்தமடா? உயிர் போட்டுது."

"போனில ஏதோ வீடியோ," என்றேன்.

"இப்பிடியே விளையாடி என்னைக் கொண்டுபோடுவாய்," என்றான்.

விளையாடவில்லை என்று சொன்னேன். அது பதிவில் இருக்கட்டும்.

பூட்டி முடித்த அன்று சாவியைக் கொடுக்கும்போது, லேசர் பட்டால் என்ன சத்தம் வரும் என்று கேட்டான். வந்தால் உனக்குத் தெரியும் என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். அம்மாவிடம் போய், "அன்ரி, உங்கட மகனைப் போல ஒரு சினேகிதன் கிடைக்காது," என்றான். அம்மா அன்று எனக்கும் ஒரு பெரிய நண்டுக்கால் போட்டார்.

மே பதினெட்டு விக்ரோறியா தினம், உங்களுக்கெல்லாம் விடுமுறை. எங்களுக்கு அன்றுதான் எல்லாம் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. அம்மா ஹோலில் நிலத்தில் இருந்து அழுதார். ராகுலன் படியேறி வந்து, படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாவியை எடுத்தான்.

"இண்டைக்குப் போகாதை, ராசா," என்றார் அம்மா.

"ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறன், அன்ரி. உள்ளுக்க நிக்கேலாமல் கிடக்கு."

அவன் சப்பாத்துப் போடும்போது, 404ஆல் போ, ஸ்ரீல்ஸில் நெரிசல் என்று சொன்னேன். நீண்ட வார இறுதிகளில் உங்கள் ஆட்கள் 404 நெடுஞ்சாலையின் பாலங்களில் லேசரோடு நிற்பது ரொறன்ரோவில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஸ்ரீல்ஸில் நெரிசல் இருந்ததும் உண்மைதான்.

அவ்வளவுதான். இனி உங்கள் கேள்விக்குப் பதில் உங்களுக்கே விளங்கும். அவன் ஸ்ரியறிங்கைக் கைவிடவில்லை. செல்லுக்கு விழுந்தான். விழ நிலம் இருக்கவில்லை, சீற் இருந்தது. பாலத்தில் நின்று நீட்டியவரும் விசையை அழுத்தியவரும் உங்கள் ஆள். நான் அப்போது குசினியில் அம்மாவுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். குற்றம் யாருடையது என்று நான் பல தடவை யோசித்துப் பார்த்தேன். என் பங்கைக் குறைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை: கருவியைத் தெரிவுசெய்ததும், சத்தத்தை வெட்டி லேசர் எச்சரிக்கையாகப் பதிந்ததும், அது வேலை செய்கிறது என்று பார்த்ததும், வழி சொன்னதும் நான். அது நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கெட்ட எண்ணத்தோடு செய்தேன் என்று எழுதாதீர்கள், அன்ரி. ஏன் அழுகிறீர்கள்? தண்ணீர் கேட்கட்டுமா?

இன்னும் ஒன்று, நடந்த ஒழுங்கில் கடைசி. ஜூன் மாதம் ஒரு ஞாயிறு காலை, அம்மா றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தபோது, வீட்டுத் தொலைபேசி அடித்தது. வவுனியா முகாமிலிருந்து யாரோ ஒருவரின் போனில் குணவதி அன்ரி. கரகரவென்ற லைன். யார் என்று கேட்டார். நான் கோகுலன் என்றேன்.

"ராகுலனோ? என்ர ராசா, குலன்தானே?"

"ஓம் அம்மா. குலன்தான்," என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை. அவர் நெடுநேரம் அழுதார். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறார். அம்மாவை அந்த நேரம் நான் கோயிலுக்கு அனுப்பிவிடுவேன். அவருடைய சினேகிதி உயிரோடு இருக்கும் செய்தி இப்போதைக்கு அவருக்குத் தேவையில்லை, வீணாகக் குழம்பிப்போவார். போன கிழமை குணவதி அன்ரி கார் ஏதும் வாங்கினாயா என்று கேட்டார். வேகமாக ஓடும் ஒன்று வாங்கினேன், அதை விட்டாயிற்று என்றேன். "நல்லது மோனை, பாத்து ஓடு," என்றார். நான் வேகமாக ஓடுவதே இல்லை, அம்மா என்றேன். நீங்கள் என் லைசென்ஸைத் தட்டிப் பார்க்கலாம், கொன்ஸ்ரபிள், ஒரு ரிக்கெற்கூட இல்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இன்று சனிக்கிழமைதானே. இரவு இங்கே வைத்திருப்பதானாலும் காலையில் என்னை வீட்டுக்கு விட்டுவிடுங்கள். போன் அடிக்கும்போது நான் எடுக்காவிட்டால், மகனுக்கு ஏதோ நடந்துவிட்டதென்று அம்மா பயந்துபோவார்.