அன்புசெல்வி அம்மையாரின் மாடலில் ஒரு பிழை

மின்னணுத் துறையின் மேன்மையே! மிகைபேசா மாண்பே! சாரம் பகுதியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, முப்பத்தோராண்டாக முதல் மணிக்கு முன்னரே ஆய்வகம் திறந்த பேராசிரியை அன்புசெல்வி அம்மையீர், வணக்கம்!

தங்கள் பணிநிறைவு விழாவுக்கு இம்மடலை எழுதி வாசிக்கும் பொறுப்பை வெற்றிவேல் தலையில் கட்டிவிட்டார்கள். தங்களைக் கண்டால் அவருக்கு வயிறெரியும் என்பது துறையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே கட்டினார்கள், நல்லாயிருக்கட்டும்!

எரியாமல் என்ன செய்யும்? பிள்ளைச்சாவடி மீனவர் படகுக்கு மின்மோட்டார் ஓட்டும் பெட்டி செய்தபோது, அதில் வினாடிக்குப் பத்தாயிரம் முறை திறந்து மூடும் ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்சைக் கணினியில் குறையே இல்லாததாகப் போட்டார் அவர். திரையில் கோடு அழகாக வந்தது. தாங்களோ தங்கள் கணினி மாடலில் இரண்டங்குல ஒயரையும் சேர்த்து, "இந்த எடத்துல வோல்டேஜ் எகிறும், வெற்றிவேல்" என்றீர்கள். அவர் கேட்கவில்லை. "மேடம் வெடிக்கும்னா வெடிக்கும் சார், தள்ளி நில்லுங்க!" என்று ஆய்வக உதவியாளர் அய்யப்பன் கத்தி முடிக்குமுன் பெட்டி வெடித்தது. மீசையில் பாதி கருகியது அவருக்கு. பாராட்டு முழுதும் தங்களுக்கு.

அன்றிலிருந்து பதினோராண்டு, தங்கள் மாடல் கோப்பைத் தொடமாட்டேன் என்ற வீம்பில் தானே அளந்து தனியே ஒரு மாடல் எழுதினார். மாணவர் ஒருவரும் அதைக் கேட்டு வரவில்லை. அப்பப்பா, அந்த வேதனை! கடைசியில் சென்ற வாரம், மாணவி சுவேதா தங்கள் மாடலை ஓட்டி அச்சிட்ட வரைபடத்தில் பிழை சிக்கியது. சூடேறினால் சுவிட்ச் அணைய நேரம் கூடும். தங்கள் மாடலில் கூடவே இல்லை. இன்று இம்மேடையில் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு கட்டினார்.

எந்த வரியில் பிழை என்று பார்க்க, இன்று காலை முதன்முறையாகத் தங்கள் கோப்பைத் திறந்தார். அதில் நட்சத்திரக் குறியிட்ட குறிப்பு வரி ஒன்று. அத்தகைய வரிகளைக் கணினி தாண்டிப்போகும். நம் பிள்ளைகளும் படிப்பதில்லை. பத்தாண்டுக்கு முந்தைய தேதியிட்டுத் தாங்கள் எழுதியிருந்தீர்கள்: 'சூட்டில் அணையும் நேரம் இதில் தவறு. வெற்றிவேல் அளந்ததே சரி. அதற்கு அவர் மாடலைப் போடவும்.'

தங்கள் பிழையைச் சொல்வதிலும் முந்திக்கொண்டீர்களே, அம்மணி! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

அதன்கீழ் அவரும் ஒரு குறிப்பு வரி சேர்த்தார்: 'மற்றதெல்லாம் அம்மையார் சொன்னதே சரி. ஒயரையும் சேர்த்து.' அதை எழுத அவருக்குப் பதினோராண்டு ஆயிற்று. வயிறு இன்னும் எரிகிறது, பொய் சொல்வானேன்?

நோய்நொடி அண்டாமல், நூறாண்டு கடந்தும் நிறைவாக வாழ்வீராக!

தங்கள் பணித்தோழர்கள்,
மின்னணுத் துறை, புதுச்சேரி.
எழுதியவர்: வெற்றிவேல்