ரெண்டும் இடது

கமலாம்பாள்: ஏனுங்க, நான் கோயிலுக்கே போயிட்டு வந்துட்டேன். இன்னும் அந்தக் காருக்குள்ளயே தலைய உட்டுட்டு இருக்கறீங்களா? பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரரு வந்துருவாரு.

லிங்கசாமி: சித்த பொறு புள்ள... ஒண்ணு மாட்டியாச்சு. இன்னொண்ணுதான்...

கமலாம்பாள்: இன்னொண்ணுக்கு என்ன?

லிங்கசாமி: உக்கார மாட்டேங்குது.

கமலாம்பாள்: இது நேத்து வந்த லண்டன் பார்சல்தான? நிட்டிங் மிசின் ஸ்பேருன்னு சொன்னீங்க!

லிங்கசாமி: அது... கார்புரேட்டர். இந்த எம்.ஜி. வண்டிக்கு ரெண்டு வேணும் புள்ள. அறுபத்து நாலு மாடல். கோயமுத்தூர் உக்கடத்துல பழைய ஸ்பேர் கடை பூராத் தேடுனேன், கெடைக்கல. அதான் நம்ம பனியன் வாங்கற இங்கிலீசுக்காரருகிட்டயே...

கமலாம்பாள்: பையருகிட்டயா! அவரு உங்ககிட்ட டீசர்ட் கேட்டா, நீங்க அவருகிட்ட கார்புரேட்டர் கேட்டீங்களாக்கும்?

லிங்கசாமி: சிரிக்காத. எந்த நம்பருன்னு கேட்டாரு. மூடி மேல நம்பர் அடிச்ச தகடு ஒண்ணு இருக்கோணுமாமா. நம்முளுதுல அது எப்பவோ உழுந்துருச்சு. அதனால...

கமலாம்பாள்: அதனால?

லிங்கசாமி: பழசையே சாம்பிளுக்குப் பார்சல்ல தாட்டி உட்டேன்.

கமலாம்பாள்: எத்தன?

லிங்கசாமி: ஒண்ணு. இதே மாதிரி ரெண்டு பீசுன்னு எழுதி...

கமலாம்பாள்: ஐயோ சாமி! அதான் பெட்ரோல் கிண்ணம் ரெண்டும் ஒரே பக்கமா நீட்டிட்டு இடிக்குதா?

லிங்கசாமி: ம்... ஒண்ணு இடது, ஒண்ணு வலது. எதிரெதிரா இருக்கோணும். எனக்கு உறைக்கல.

கமலாம்பாள்: ஆபீசுல புது டிஜிட்டல் கேமரா இருக்குதில்ல, ரெண்டையும் படம் புடிச்சு அனுப்பியிருக்கலாமில்ல?

லிங்கசாமி: அது பனியன் கலரு பாக்கறதுக்குன்னு நெனச்சுட்டேன்.

கமலாம்பாள்: இருவது வருசமாத் தைக்கறீங்க. பனியனோட இடது கைய மட்டும் சாம்பிள் அனுப்பி, ரெண்டு வெட்டச் சொன்னா, போடறவன் எப்படிங்க போடுவான்?

லிங்கசாமி: பழைய வலதாவது இருந்தா தேச்சு மாட்டியிருப்பேன். அலமாரில வெச்சதையும் காணோம்... புள்ள, இரும்புக்காரனை அடுத்த மாசம் வரச் சொல்லேன். இந்த வண்டி போச்சுன்னா எனக்குச் சோறே எறங்காது.

கமலாம்பாள்: இன்னைக்குள்ள ஓடலைன்னா குடுத்தரலாம்னு சொன்னது யாருங்க?

லிங்கசாமி: நாந்தான்... ஏதோ வாய்த் துடுக்குல...

கமலாம்பாள்: வெளிய ஆரன் சத்தம் கேக்குதுங்க.

லிங்கசாமி: வந்துட்டானா! கேட்டைத் தொறக்காத! நான் ஊட்டுல இல்லைன்னு சொல்லிரு!

கமலாம்பாள்: பதறாதீங்க. அது கூரியருங்க. இரும்புக்காரரே கெடையாது, சும்மா சொன்னேன்.

லிங்கசாமி: கூரியரா? என்ன வருது?

கமலாம்பாள்: வலது. ரெண்டுமே இடதுதானான்னு பையரு ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டாரு. நாந்தான் எடுத்தேன். எங்கூட்டுக்காரரு கேட்டதை அப்படியே அனுப்புங்க, வலது ஒண்ணை என்ற பேருக்குத் தனியா அனுப்புங்கன்னுட்டேன். அலமாரில இருந்த பழைய வலதை நாந்தான் சாம்பிளுக்கு அனுப்புனேன்.

லிங்கசாமி: அடிப்பாவி... இத்தனையும் எனக்காகவா?

கமலாம்பாள்: உங்களுக்காகன்னு யாரு சொன்னா? மாட்டிட்டுச் சாவிய இப்படிக் குடுங்க. மூணு மாசமா நான் காலைல போனது கோயிலுக்கு இல்லீங்க, டிரைவிங் ஸ்கூலுக்கு. லைசென்சும் வந்துருச்சு. தாராபுரம் ரோட்டுல மொத ரவுண்டு நாந்தான் ஓட்டுவேன்... நீங்க இடது பக்கம் உக்காந்துக்கங்க.