சத்து ஊசி

என் அக்கா சோபனா நன்றாகவே சாப்பிடுவாள் சார். ஆனாலும் உடம்பில் ஒட்டாது. முப்பத்தொரு வயதில் நாற்பது கிலோகூட இல்லை. எங்கள் ஊரான மாரண்டஹள்ளிக்கு அவளைப் பெண் பார்க்க வந்த பென்னாகரத்து அம்மா, "புள்ளைக்கு ஏதாச்சும் சீக்கு இருக்குதுங்களா?" என்று வாசலிலேயே கேட்டார். அக்கா உள்ளே காபி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் நான் உதவியாளன். இன்னும் கொழுப்பாகாத இளஞ்செல்களைத் தட்டில் வளர்ப்போம். இன்சுலின் என்ற புரதத்தை வேறு சில மருந்துகளோடு கொடுத்தால், அது செல்லுக்குச் சேதி சொல்லும். பத்து நாளில் எண்ணெய்த் துளிகள் நிறைந்து செல் உருண்டையாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். அக்காவின் உடம்புக்கு அந்தச் சேதி போதவில்லை என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

லீவில் வந்து, மெதுவாக வேலை செய்யும் இன்சுலினைச் சத்து ஊசி என்று சொல்லித் தினமும் காலையில் போட்டேன். அடிக்கடி பசித்தது, நிறையச் சாப்பிட்டாள். மூன்று வாரத்தில் இரண்டு கிலோ ஏறியது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு முறை வியர்த்து நடுங்கினாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும்.

புரட்டாசி சனிக்கிழமை, "இன்னிக்கி விரதம்டா, நாளைக்கிப் போட்டுக்கலாமா?" என்றாள். அடுத்த வாரம் பாலக்கோட்டிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. "சத்து ஊசிக்கு விரதம் என்னக்கா?" என்றேன். கையை நீட்டினாள்.

மதியம் சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தாள். "சுகர் ரொம்ப எறங்கியிருக்குது. ஊசி, மாத்திரை ஏதாச்சும் எடுக்கறாங்களா?" டாக்டர் இரண்டு தடவை கேட்டார். அக்கா சொல்ல வாயெடுத்தாள். அவள் கையை அழுத்தினேன். நிறுத்திக்கொண்டாள். "இல்லைங்க, விரதம்" என்றேன்.

நான்கு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊசி மறுநாள் வரை வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். அக்கா களைப்பாகப் படுத்தாள். நான் வெளியே தேவிப்பிரியாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் எனக்கும் நிச்சயமாகியிருந்தது. அக்கா கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்தோம். உள்ளே வந்து எழுப்பியபோது அக்கா எழவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அக்காவுக்காகச் செய்தேன் என்றுதான் இதுவரை எல்லோரிடமும் அழுதேன். வெட்கமாக இருக்கிறது சார். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா பிழைத்திருப்பாள். என் வேலை போயிருக்கும், என் கல்யாணம் நின்றிருக்கும். அவ்வளவுதான்.