அமாவாசைக்கு முந்தின நாள்

ராத்திரி ஏழு மணி. திருப்பருத்திக்குன்றம் போகிற ரோட்டில் ஒரு ஆள் கிடையாது. சைக்கிள் டைனமோ விளக்கு மட்டும்... மிதித்தால் எரியும், நின்றால் அணையும்.

போனவன் ஆதிகேசவன். இதோ பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே சிட்டிபாபு, இவனுடைய அக்கா புருஷன். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவன். வருஷம் எழுபத்திரண்டு, வைகாசி கடைசி. சொன்ன பொய்யைப் பூசி மெழுகத்தான் கிளம்பினான்.

என்ன பொய்? கேளுங்கள்.

ஐந்து சிநேகிதர்கள் மகாபலிபுரம் போகத் திட்டம் போட்டார்கள். காலையிலிருந்து கடலில் கிடப்பது, மணலில் தூங்குவது. ஆதிகேசவனையும் சேர்த்து நாலு பேர் நெசவு. அமாவாசைக்குத் தறி நிற்கும், அன்றைக்குப் போகலாம். ஐந்தாவது ஆள் ஜினேந்திரன். திருப்பருத்திக்குன்றத்துச் சமணன், நெல் போடுகிறவன். அவன் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டான். அவர்கள் வழக்கம் அது.

ஜினேந்திரன் எழுந்து போனதும் நெசவுக்காரர்களில் ஒருத்தன், கந்தன், ஆரம்பித்தான். "மணல்ல நெருப்பு போட்டு மீன் சுடலாம்னு பாத்தா, இவன் அஞ்சு மணிக்கே சோத்து மூட்டையைப் பிரிச்சிக்கினு உக்காருவான்பா. மீனுக்காக அழுவான் வேற."

"மூஞ்சிக்கு நேரா வராதேன்னு எப்படிப்பா சொல்றது?" என்றான் ஆதிகேசவன்.

"சொல்லாதே. ஒரு நாள் முன்னாடி வரச்சொல்லு. வருவான், தறி ஓடிக்கினு இருக்கும். டூர் கேன்சல்னு அனுப்பிடு."

நாலு பேரும் சிரித்தார்கள். ஆதிகேசவனே போய்ச் சொன்னான். "இந்த மாசம் முந்தின நாளே தறியை நிறுத்துறோம். விடியக்காலம் வந்துடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான். கூட்டிப்போக இஷ்டமில்லை என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஒருத்தனுக்கும் வாய் இல்லை.

முந்தின நாள் வந்தது. ஜினேந்திரன் வரவில்லை. ஆதிகேசவன் இருட்டும் வரை தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு காத்திருந்தான். தெருவே சாட்சி. அப்புறம்தான் சைக்கிள்.

பாதி வழியில் ஒரு மதகு. அதன்மேல் ஜினேந்திரன்... மடியில் தூக்குச்சட்டி. எலுமிச்சை சாத வாசனை. அதோடு உப்பும் பாசியும் கலந்த நாற்றம். ஆதிகேசவன் நின்றான். விளக்கு அணைந்தது.

"இன்னாப்பா, இருட்டுல சாப்பிடுறே?"

"உங்களுக்காகக் காத்துக்கினு இருந்தேன். பொழுது போயிடுச்சி."

பிறகு மெல்லுகிற சத்தம் மட்டும். நற... நற... வாய் நிறைய மணலை மெல்லுகிற மாதிரி.

மிதித்தான் பாருங்கள். ஜினேந்திரன் வீட்டு வாசலில்தான் கால் ஊன்றினான். தங்கை பிராமி வெளியே நின்றிருந்தாள்.

"எங்க அண்ணன் எங்கண்ணா? எழுந்திருக்க நேரமாயிடுச்சி, நீங்கள்லாம் கிளம்பியிருப்பீங்கன்னு நேரா மகாபலிபுரத்துக்கே பஸ் ஏறிச்சே. அஞ்சு பேருக்கும் சோறு கட்டிக்கினு போச்சு."

"மதகுல உக்காந்து சாப்பிட்டுக்கினு இருக்கான்மா."

பிராமி அவனையே பார்த்தாள். "இருட்டினா எங்க அண்ணன் தண்ணி கூடக் குடிக்காது."

லாந்தர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மதகில் யாரும் இல்லை. கல் மட்டும் ஈரம்.

மறுநாள் அமாவாசை. விடிந்ததும் போலீஸ்காரர் ஜினேந்திரன் வீட்டைத் தேடி வந்தார். பிராமியோடு ஆதிகேசவனும் மகாபலிபுரம் போனான். ஜினேந்திரனைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் பகல் பதினொரு மணிக்கே கடல் கொண்டுபோய்விட்டதாம்.

பார்த்த சாட்சி ஒருத்தி, கரையில் சிப்பி மாலை விற்கிறவள். "ரொம்ப நேரம் தனியா நின்னாரு சார். கால் கூட நனைக்கல. அப்புறம் கூட்டாளி ஒருத்தன் வந்தான். 'வாடா ஜினேந்திரா'ன்னு கையைப் புடிச்சி ஆழத்துக்கு இழுத்துக்கினு போனான்."

"பாத்தா அடையாளம் தெரியுமா?" என்றார் போலீஸ்காரர்.

"தெரியாம இன்னா? இதோ நிக்கிறானே" என்று ஆதிகேசவனைக் காட்டினாள்.

அவனை ஒட்டி நின்றிருந்த பிராமி ஓரடி தள்ளி நின்றாள்.