தொண்ணூறு கிலோ சோதனை

— உட்காரு... ம். எழுந்திரு. மறுபடி உட்காரு.

— அத்தான், நாலு தடவை ஆச்சு.

— அஞ்சு தடவைன்னு டெண்டர்ல போட்டிருக்கான். தொண்ணூறு கிலோ ஆள், அஞ்சு தடவை, முதுகு நல்லா சாய்ஞ்சு உட்காரணும். நம்ம குடும்பத்துல தொண்ணூறு கிலோவுக்கு உன்னை விட்டா நாதி ஏது?

— தொண்ணூத்தி நாலு.

— அந்த நாலு கிலோ என் சார்பா அரசாங்கத்துக்கு இனாம். சாய்ஞ்சுக்கோ.

— சாய்ஞ்சாச்சு. ஆனா இன்னிக்கு நான் இதுக்கு வரலை அத்தான். உங்ககிட்ட ஒரு விஷயம்...

— விஷயம் எங்கே ஓடிடப் போகுது? முதல்ல இந்த வரிசையை முடி. பதினேழு ஆச்சு. இதோ பதினெட்டு.

— நூத்திருபதுலயும் நானேவா உட்காரணும்?

— வேற யாரு, உங்க அக்காவா? அவ நாற்பத்தெட்டு கிலோ. வாய் மட்டும்தான் தொண்ணூறு.

— இருபது நாற்காலிக்கு ஒரு இடைவேளையாவது விடுங்க. தொழிலாளர் உரிமை.

— வந்துட்டாரய்யா, குடிநீர் வாரிய ஊழியர் சங்கச் செயலாளர்! உட்கார்றதுக்கும் இடைவேளை கேட்கிற ஒரே கூட்டம் உங்க கூட்டம்தாண்டா.

— உட்கார்றதுக்கு இல்லை, எழுந்திருக்கிறதுக்கு. உட்கார்றதுல எங்களுக்கு அனுபவம் இருக்கு.

— இதைத்தான் நானும் மேடையில சொன்னேன்!

— எந்த மேடை?

— போன மாசம், சிறுதொழில் சங்க மாநாட்டுல. துணைத் தலைவர்ங்கிற முறையில எனக்கு அரை மணி நேரம் கொடுத்தாங்க. 'வரி கட்டுறவன் நின்னுக்கிட்டே இருக்கான், அதை வாங்குறவன் உட்கார்ந்துக்கிட்டே இருக்கான்'னேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

— எங்க ஆளுங்க உட்காரலைன்னா நீங்க யாருக்கு நாற்காலி செய்வீங்க?

— ...எழுந்திரு.

— பதில் சொல்லுங்க அத்தான்.

— இரும்புக்கு வரி. பஞ்சுக்கு வரி. அடியில ஓடுற சக்கரத்துக்கு வரி. வாசல்ல தொங்குற போர்டுக்குக்கூட வரிடா! இத்தனை அடிக்கு இவ்வளவுன்னு!

— அதுக்காக போர்டைப் பாதியா அறுக்கிறதா? வரும்போது பார்த்தேன். முன்பாதி போய் 'காலி'ன்னு மட்டும் தொங்குது.

— வரியும் பாதியாச்சுல்ல.

— கடையை மூடிட்டாங்க போலன்னு வர்றவன் திரும்பிப் போறான்.

— மெதுவாப் பேசு.

— ஏன்?

— அந்தப் பக்கம் ஆளுங்க இருக்காங்க.

— இருந்தா என்ன? ஆமா, மிஷின் சத்தமே காணோமே?

— மின்கட்டணம். ஏத்தினது யாரு? உங்க அரசாங்கம். நீ உட்காரு. இது இருபத்தி மூணு.

— கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு...

— நீ போகாதே! நானே எடுத்துத் தரேன். இந்தா.

— என்ன இன்னிக்கு இவ்வளவு உபசாரம்? பயமா இருக்கே.

— உனக்கு என்னடா பயம்? மாசம் பொறந்தா சம்பளம். மழை பெய்ஞ்சாலும் சம்பளம், பெய்யாட்டியும் சம்பளம். என் நிலைமையைப் பாரு. பத்துப் பேர் இருந்த பட்டறை இது. வரி ஏத்தின வருஷம் ரெண்டு பேரை அனுப்பினேன். மெருகு போடுறவர் போகும்போது என் கையைப் பிடிச்சு, 'பரவாயில்லை முதலாளி'ன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலை.

— இப்போ எட்டுப் பேர்தானே?

— எட்டு. உங்க வாரியத்துக்கு இந்த நூத்திருபதும் போனாத்தான் எட்டு வீட்டுலயும் அடுப்பு எரியும். இல்லைன்னா நானும் அந்த மாதிரி கையைப் பிடிச்சு...

— லாரி எப்போ வருது?

— ...நாளைக்கு.

— நாளைக்கா...

— என்ன இழுக்கிறே?

— நான் இழுக்கலை, சக்கரம் இழுக்குது. இடது பக்கம்.

— அது சக்கரம் இல்லை, உன் உடம்பு. இருபத்தி நாலு. உட்காரு.

— அத்தான், இதுல உட்கார்ந்துக்கிட்டே சொல்லிடறேன். நீங்களும் உட்காருங்க.

— நான் உட்கார்ந்தா சோதனை செல்லாது. அறுபது கிலோ. நின்னுக்கிட்டே கேட்கிறேன், சொல்லு.

— நேத்து எங்களுக்கும் நிர்வாகத்துக்கும் பேச்சுவார்த்தை. பத்துல ஒரு பங்கு செலவை வெட்டியே ஆகணும்னு மேலே இருந்து உத்தரவு. அறுபது தற்காலிக ஆளுங்க வீட்டுக்குப் போகணும்னு பட்டியலே போட்டு வெச்சிருந்தாங்க. குழாய் உடைஞ்சா கழுத்தளவு சேத்துல இறங்குறவங்க அத்தான். நாங்க விடலை. 'சரி, வேற எந்தச் செலவை வெட்டணும்னு நீங்களே சொல்லுங்க'ன்னாங்க.

— நீ என்ன சொன்னே?

— எழுந்து நின்னேன்.

— அது எப்பவும் நிக்கிறதுதானே. என்ன சொன்னே?

— 'எங்க தோழர்கள் பழைய நாற்காலியிலேயே இன்னும் அஞ்சு வருஷம் உட்காருவாங்க, புது நாற்காலி வேண்டாம்'னேன். ஒரே கைதட்டல்.

— ம்.

— என்ன 'ம்'? திட்டுங்க அத்தான்!

— திட்டறேன். கொஞ்சம் பொறு, மூச்சு விட்டுக்கிறேன்.

— ராத்திரி பூரா தூக்கமே இல்லை. உங்க மூஞ்சி ஒரு பக்கம், இங்கே மெத்தை தைக்கிற தையல்காரம்மா மூஞ்சி ஒரு பக்கம். ஆனா ஒண்ணு கேட்டேன் அந்த அதிகாரிகிட்ட. 'திடீர்னு இந்த வெட்டு எங்கிருந்து முளைச்சுது?' அவர் ஒரு மனுவை எடுத்து நீட்டினார். சிறுதொழில் சங்க லெட்டர்பேடு. 'அரசின் வீண்செலவுகளை உடனடியாக நிறுத்துக.' அடியில துணைத் தலைவர் கையெழுத்து. வால் நீளமா, கீழே ரெண்டு கோடு.

— ...வீண்செலவுன்னு பொதுவாத்தான் எழுதினோம். நாற்காலின்னா எழுதினோம்?

— பொதுவா வெட்ட கத்தரிக்கோல் இல்லையே அத்தான். ஏதோ ஒண்ணைத்தானே வெட்டணும்?

— உங்க சம்பளத்தை வெட்டியிருக்கலாம்.

— அதுக்குத்தான் நாங்க சங்கம் வெச்சிருக்கோம். நீங்களும்தான் சங்கம் வெச்சிருக்கீங்க. நாற்காலிக்குத்தான் சங்கம் இல்லை.

— வாயைப் பாரு. எட்டுப் பேர் பொழைப்பை முடிச்சுட்டு வந்து வாயைப் பாரு.

— நான் மட்டுமா முடிச்சேன்? சரி, விடுங்க. வெறுங்கையோட வருவேனா? ஒரு நிபந்தனை போட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பழைய நாற்காலியில உட்காரணும்னா அதைப் பழுது பார்த்துக் கொடுக்கணும். மொத்தம் முந்நூறு. சக்கரம், பஞ்சு, கைப்பிடி, எல்லாம்.

— முந்நூறா? அட மடையா, அந்தச் செலவுல இந்த நூத்திருபதையும் வாங்கி, வர்றவனுக்கு பெஞ்சும் போடலாமேடா!

— போடலாம். ஆனா அது கொள்முதல். இது பராமரிப்பு. வெட்டு விழுந்தது கொள்முதல்ல மட்டும்தான். பராமரிப்புல கை வைக்கலை.

— இதுக்கா நான் வரி கட்டுறேன்? செலவைக் குறைக்கிறேன்னு செலவை ஏத்துறதுக்கா? அடுத்த மாநாட்டுல இதை வெச்சு ஒரு மணி நேரம் பேசுவேன், பாரு!

— பேசுங்க. அதுக்கு முன்னாடி கேளுங்க. செஞ்சவங்களேதான் பழுது பார்க்கணும்னு விதி. முந்நூறும் ஆறு வருஷத்துக்கு முன்னாடி நீங்க செஞ்சு கொடுத்தது.

— என்ன உளர்றே? என் பட்டறை நாற்காலி உடையாது. இந்தத் தொழில்ல இருபத்திரண்டு வருஷமா...

— உடையலைன்னா வேலை கிடையாது அத்தான்.

— ...உடையும்.

— எத்தனை?

— முந்நூறும் உடையும். நல்லாவே உடையும். அப்போ சக்கரம் கொஞ்சம் மட்டமா வாங்கினேன்னு இப்பத்தான் ஞாபகம் வருது.

— எட்டுப் பேருக்கும் ஏழு மாச வேலை. யாரோட கையையும் பிடிக்க வேண்டாம்.

— ஏழு மாசம்... வீண்செலவுடா, சுத்த வீண்செலவு.

— அப்போ வேண்டாமா?

— வேண்டாம்னு யாருடா சொன்னது! எப்போ அனுப்புறாங்க?

— திங்கட்கிழமை முதல் வண்டி. நூத்திருபதையும் ஓரமா அடுக்கி வைங்க, வேற எங்கேயாவது விலை போகும். இருங்க, நானே போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வரேன். பாவம், தையல்காரம்மா முகத்துல சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாச்சு...

— டேய், இரு! அந்தக் கதவுல கை வைக்காதே!

— ஏன்?

— சாப்பாட்டு மணி அடிக்கட்டும். அவங்க கிளம்பிப் போகட்டும். நான் சாயந்திரம் பக்குவமாச் சொல்லிக்கிறேன்.

— நல்ல சேதிக்கு என்ன பக்குவம் வேண்டியிருக்கு? உங்களுக்கு இன்னிக்கு என்னதான் ஆச்சு? வந்ததுலருந்து கதவை விட்டு நகர மாட்டேங்கிறீங்க. வாசல்ல என்னைப் பார்த்ததும் கையைப் பிடிச்சு உள்ளே தள்ளினீங்க...

— அப்போ அவங்க டீ குடிக்கப் போயிருந்தாங்க.

— அதனால?

— அதனால உன்னைப் பார்க்கலை. இப்போ திரும்பி வந்துட்டாங்க. வாசல்ல உன் வண்டி நிக்குது. சங்கக் கொடி ஒட்டின வண்டி.

— என் வண்டியை இந்தப் பட்டறையில யாருக்குத் தெரியாது? ஏழெட்டு வருஷமா நான்தானே வந்து உட்கார்ந்து பார்க்கிறேன்... யாரோ தட்டுறாங்களே. 'செயலாளர் உள்ளேதானே இருக்காரு'ன்னு கேட்கிறாங்க. வெல்டர் குரல்.

— பதில் சொல்லாதே.

— கண்ணாடியில தெரியுது. எட்டுப் பேரும் நிக்கிறாங்க. அத்தான்... தையல்காரம்மா கையிலகூட இரும்புக் குழாய் இருக்கு. என்கிட்ட என்ன கோபம் இவங்களுக்கு? நேத்து நடந்தது இவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் உங்களுக்கும்தானே... உங்களுக்கே இப்பத்தானே சொன்னேன்?

— ஆர்டர் ரத்துன்னு காலையிலேயே கடிதம் வந்துடுச்சு மாப்ளே. காரணம் என்னன்னு சுத்தி நின்னு கேட்டாங்க. கடிதத்துல 'பார்வை'ன்னு போட்டு ரெண்டு வரி இருந்தது. ஒண்ணு, எங்க சங்கத்தோட மனு. ரெண்டு, உங்க சங்கத்தோட ஒப்புதல். நான்... ரெண்டாவதை மட்டும்தான் படிச்சுக் காட்டினேன்.